பதின்மூன்றாவது பெட்டி

எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடி யாரும் ஒரு நிமிடம்கூடச் செலவழித்ததில்லை. டார்ச் விளக்கு, காய்ச்சல் பார்க்கிற கருவி, மகளின் நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டை, எது வேண்டுமென்றாலும் என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள், நான் நாற்காலியை விட்டு எழாமலே இடத்தைச் சொல்வேன். உங்களைக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்பாள். இருபத்திரண்டு வருடமாக அதே லாபத்தைச் சொல்லிக்காட்டுகிறாள், நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்துவிடுகிறேன்.

ஐயா, நீங்கள் கேட்டது அறிக்கையைப் பற்றி. வருகிறேன். ஆனால் என் வேலை என்னவென்று புரியாமல் அறிக்கைக்கு வந்தால், அதோ மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரே, அவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆற அமரச் சொல்கிறேன். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எழுதப்படுகிற ஆய்வேடு, கட்டுரை, கருத்தரங்க உரை, பழைய புகைப்படம், வரைபடம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, யார் எங்கிருந்து தேடினாலும் கிடைக்கும்படி அடுக்கி வைக்கிற இடத்துக்கு டிஜிட்டல் களஞ்சியம் என்று பெயர். அதற்கு நான் பொறுப்பாளர். நூலகத்தின் இரண்டாம் தளத்தில், நகல் எடுக்கும் அறைக்கு அடுத்த அறை. நான் ஒருவன், ஸ்கேன் செய்கிறவர் ஒருவர், எங்கள் இருவரையும்விடச் சத்தமாகப் பேசுகிற ஒரு குளிர்சாதனப் பெட்டி, அவ்வளவுதான் ஊழியர்கள்.

ஸ்கேன் செய்கிறவருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு தாளைக் கண்ணாடிமேல் வைப்பார், மூடுவார், யோசிப்பார், திறந்து தாள் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி மூடுவார். அவர் ஒரு ஆய்வேட்டை முடிப்பதற்குள் அதை எழுதியவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று நகல் அறையில் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. தொலைபேசியை எடுத்தாலே "மின்னல் பேசறேன்" என்பார். பதினான்கு வருடம் என் எதிர் மேசையில் இருந்தார். ஒருநாள்கூட எங்களுக்குள் முகம் கோணியதில்லை.

களஞ்சியத்தின் அடுக்கு மிக எளிது. மேலே பிரிவு, பிரிவுக்குள் தொகுப்பு, தொகுப்புக்குள் பதிவு, பதிவுக்குள் கோப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு விவரத்தாள் உண்டு. தலைப்பு, எழுதியவர், தேதி, எதைப் பற்றியது என்று காட்டுகிற பொருட்சொற்கள். எழுதியவரே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புவார். அது என் திரையில் காத்திருப்பு வரிசையில் வந்து நிற்கும். சரியாக இருந்தால் 'ஏற்பு' என்ற பொத்தானை அழுத்துவேன், இல்லையென்றால் காரணம் எழுதி 'திருப்பு' என்ற பொத்தானை அழுத்துவேன். ஏற்றுக்கொண்ட அந்த நொடியில் பதிவுக்கு நிரந்தர எண் ஒன்று விழும். கட்டடமே இடிந்து விழுந்தாலும் இந்த எண் மாறாது என்று புதிதாக வருகிற மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

நான் பொறுப்பேற்றபோது களஞ்சியம் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் நீங்களே கண்ணீர் விட்டிருப்பீர்கள். முகப்புப் பக்கத்தில் பத்தொன்பது பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு பிரிவு. கடைசிப் பெட்டிக்குப் பெயர் 'இதர'. அதற்குள் அறுநூற்று நாற்பது பதிவுகள். எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் அங்கே கொட்டியிருந்தார்கள். இதர என்பது ஒரு பிரிவா? சோம்பேறித்தனத்துக்கு ஒட்டிய பெயர்ப்பலகை. மூன்று வருடம், ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, அதற்கு உரிய வீட்டைக் கண்டுபிடித்துக் குடிவைத்தேன். கடைசிப் பதிவு நகர்ந்ததும் அந்தப் பெட்டியையே அழித்துவிட்டு நூலகம் முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை வீட்டில் மனைவி, "குளிர்பெட்டில ஒரு மூலையாவது எனக்கு இதரன்னு விட்டு வைங்க, பாதி வெங்காயத்த எங்க வைப்பேன்" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்தொன்பதைப் பன்னிரண்டாக்கினேன். ஒரு வரிசைக்கு மூன்று பெட்டி, நான்கு வரிசை. பன்னிரண்டு துறைகள், பன்னிரண்டு பெட்டிகள். பெரிய திரையில் பார்த்தாலும் சரி, சிறிய திரையில் பார்த்தாலும் சரி, ஒன்றும் துருத்திக்கொண்டு நிற்காது. துணைவேந்தர் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு என்ன நிம்மதியா இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேண்டுமானால் இப்போதே பாருங்கள், நாலாவது வரிசைக்குக் கீழே... சரி, அது பிறகு.

இன்னொரு ஏற்பாடும் என் யோசனைதான், அதை மறைக்கப்போவதில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு மாணவர் விடுதியின் தண்ணீர்த் தொட்டியைச் சோதித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதற்கு மூன்று நகல்கள் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றின. மூன்றிலும் மூன்று விதமாகத் தொட்டி எண். கடைசியில் பராமரிப்பு அலுவலகத்தார் நல்ல தொட்டியை இடித்துத் தள்ளிவிட்டு, ஓட்டைத் தொட்டிக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். வளாகமே சிரித்தது. அப்போது நான் ஒரு கடிதம் எழுதினேன். களஞ்சியத்தில் ஏறி நிரந்தர எண் பெற்ற அறிக்கையை மட்டுமே பராமரிப்பு அலுவலகம் கணக்கில் எடுக்க வேண்டும், எண் இல்லாத காகிதம் வெறும் காகிதம். அப்படியே விதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு தொட்டியும் தவறாக இடிபடவில்லை.

இப்போது விரிசல் அம்மாவுக்கு வருகிறேன். கட்டடச் சோதனைக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற பொறியாளர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். எந்தச் சுவரைப் பார்த்தாலும் கிட்டப் போய் விரலால் தடவிப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். நல்ல பெண், வேலையில் கெட்டி. ஆனால் கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரியாது. அவர் அனுப்பிய அறிக்கையின் கோப்புப் பெயர் என்ன தெரியுமா? 'பால்கனி கடைசி உண்மையிலேயே கடைசி 2'. அதைப் பார்த்து நானும் மின்னலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அறிக்கை எங்கள் விழா அரங்கத்தின் பால்கனி பற்றியது. இருபத்திரண்டு பக்கம். பால்கனியைத் தாங்குகிற உத்தரங்கள் சுவரோடு சேருகிற இடத்தில் விரிசல்கள் இருந்தன. அந்த விரிசல்களுக்குக் குறுக்கே எட்டு இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார். கட்டடம் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஆறு வாரத்தில் எட்டில் ஐந்து உடைந்துவிட்டது. குளிர்சாதனத்தின் தண்ணீர் வருடக்கணக்காக உள்ளே இறங்கி, கம்பிகள் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. நான்காம் பக்கத்தில், பெட்டி கட்டி, இரண்டே வரி: பால்கனியில் ஆட்களை உட்காரவைக்கக் கூடாது, உடனே பூட்ட வேண்டும்.

ஆண்டு விழாவுக்குப் பதினேழு நாள் இருந்தது. பால்கனியில் நூற்றெண்பது இருக்கைகள்.

முதல் முறை கோப்புப் பெயருக்காகத் திருப்பினேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் மறுநாளே மாற்றி அனுப்பினார். இரண்டாம் முறை பொருட்சொற்களுக்காக. எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு, அதில் இருக்கிற சொற்களைத்தான் போட வேண்டும். அவர் 'கான்கிரீட்', 'துரு' என்று போட்டுவிட்டு மூன்றாவதாக 'ஆபத்து' என்று போட்டிருந்தார். ஆபத்து என்பது பொருள் அல்ல, அபிப்பிராயம் என்று எழுதித் திருப்பினேன். அந்தக் குறிப்பை நூலகர்கள் கூட்டத்தில் ஒரு முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன், அதாவது இதற்கு முன்பு வேறொருவருக்கு எழுதியபோது. நன்றாக எடுபட்டது.

மூன்றாம் முறை, ஒப்பந்த ஊழியர் எழுதியதென்றால் சோதனைக்கூடத் தலைவரின் இசைவுக் கடிதம் வேண்டும். தலைவர் இரண்டு மாதம் வெளிநாட்டில். விரிசல் அம்மா மின்னஞ்சல் அனுப்பி, அவரிடமிருந்து 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் வாங்கிவிட்டார். அந்தச் 'சரி' எதற்குச் சரி என்று அதில் இல்லை. விளக்கம் கேட்டேன். நாலு நாள் ஆயிற்று.

இதற்கு நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பராமரிப்புப் பொறியாளரிடம் போனார். அவர் எண் கேட்டார். பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அவர்கள் பராமரிப்பைக் கேட்டார்கள், பராமரிப்பு எண்ணைக் கேட்டது. பிறகு நேரே என் அறைக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மின்னல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். அந்த மனிதர் அப்படித்தான்.

"சார், நம்பர் வந்த ஒரு மணி நேரத்துல பால்கனி கதவப் பூட்டிடுறேன்னு பராமரிப்புல சொல்லிட்டாங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம் சார். என் பேரக்கூட எடுத்துடுங்க. நம்பர் மட்டும் குடுங்க" என்றார்.

எழுதியவர் பெயரில்லாமல் பதிவு இருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை, மின்னல் இருந்தால் சாட்சி சொல்வார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் சொல்லி அனுப்பினேன். படியிறங்கும்போது இரண்டு முறை நன்றி சொன்னார்.

உண்மையான சிக்கல் என்ன என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரிந்திருக்காது. அந்த அறிக்கைக்கு என்னிடம் இடம் இல்லை. சோதனைக்கூடம் எந்தத் துறைக்கும் கீழே வராது, நேரே பதிவாளருக்குக் கீழே. அதுவரை வெளியாருக்குத்தான் சோதனை செய்து கொடுத்தார்கள், எனவே களஞ்சியத்துக்கு அவர்கள் எழுதிய எதுவும் வந்ததில்லை. இது ஆய்வேடு அல்ல. கட்டுரை அல்ல. எந்தத் துறையின் பெட்டியிலும் உட்காராது. இதை ஏற்றுக்கொள்வதென்றால் 'வளாகம்' என்றோ 'சோதனைக்கூடம்' என்றோ புதிதாக ஒரு பெட்டி திறக்க வேண்டும். பதின்மூன்று பெட்டி. ஐந்தாவது வரிசையில் ஒற்றையாக ஒரு பெட்டி, பக்கத்தில் இரண்டு பெட்டிக்கு வெற்றிடம். விழா முடிந்த நான்காம் நாள் களஞ்சியங்களை மதிப்பிடுகிற வெளிக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் முதலில் பார்ப்பது முகப்புப் பக்கத்தைத்தான். திரையில் ஒத்திகை பார்த்தேன். பார்த்த உடனே அழித்துவிட்டேன் ஐயா, பொய் சொல்லவில்லை.

கட்டடப் பொறியியல் துறைத் தலைவரை வராந்தாவில் பார்த்தபோது வாய்விட்டுக் கேட்டேன். அவர் அவசரத்தில் இருந்தார். "எங்க பெட்டியிலயே போட்டுத் தொலைங்க, யார் கேக்கப்போறா" என்றார். தொலைப்பதற்காகவா களஞ்சியம் வைத்திருக்கிறோம்? தவறான இடத்தில் வைத்த பொருள் தொலைந்த பொருள்தான். என் மகளுக்கு மூன்று வயதில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அவருடைய வாய்ச்சொல்லை நான் ஏற்கவில்லை.

புதன்கிழமை விழா நுழைவுச் சீட்டுகள் வந்தன. ஊழியர்களுக்கு ஆளுக்கு இரண்டு, குலுக்கல் முறையில். எனக்குப் பால்கனியில் முதல் வரிசை, நடு இருக்கைகள். அரங்கத்திலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. என் மகள் அன்றைக்கு மேடையில் சேர்ந்திசையில் பாடுவதாக இருந்தாள், நூலகமே வந்து கைகுலுக்கியது. மின்னலுக்குக் கீழே, இடது ஓரத்தில், முன்னால், பெரிய ஒலிபெருக்கிக்குப் பின்புறம். மேடையில் பாதிதான் தெரியும். அவருக்கு எப்போதுமே அப்படித்தான் விழும். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடத்தில் மனைவியை ஒரு முறைகூட விழாவுக்கு அழைத்து வந்ததில்லை, இந்த வருடம் வருகிறாள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். என் மனைவிக்கு முழங்கால் வலி, பால்கனிப் படி ஏற முடியாது என்று சொன்னேன். மின்னல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு பாடறதப் பாதி மறைக்குமே சார்" என்றார். காதால் கேட்டால் போதும் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பிற்பகல் நூற்றுப் பத்துப் பக்கம் ஸ்கேன் செய்தார், எங்கள் அறையின் வரலாற்றில் அது ஒரு சாதனை.

அன்றைக்கே நான்காம் முறையாக அறிக்கையைத் திருப்பினேன். புகைப்படங்களுக்குக் கீழே விளக்க வரி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் சரியாகி வந்துவிட்டது. கோப்புப் பெயர் சரி, சொற்கள் சரி, கடிதம் சரி, முப்பத்தொரு படத்துக்கும் விளக்கம் சரி. மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம் என்கிற அளவுக்கு அழகான விவரத்தாள். விரிசல் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார், மாலைக்குள் பார்க்கிறேன் என்றேன். பராமரிப்புப் பொறியாளர் பூட்டை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். மூன்று நாற்பதுக்கு, 'பொருத்தமான பிரிவு இல்லை, அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படும்' என்று எழுதித் திருப்பினேன். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல குரல்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு விழா. அரங்க வாசலில் மின்னலின் மனைவியை முதல்முறையாகப் பார்த்தேன். குள்ளமாக, கணவரைவிடப் பத்து மடங்கு சுறுசுறுப்பாக இருந்தார். நேரே என் மனைவியின் கையைப் பிடித்து, "முழங்கால் இப்ப எப்படி இருக்கு அக்கா? உங்க புண்ணியத்துல இன்னிக்கு நான் மேலேருந்து பாக்கப்போறேன்" என்றார். என் மனைவி திருதிருவென்று விழித்தாள். அவர்கள் படியேறியதும் என் பக்கம் திரும்பி, "எனக்கு ஏதுங்க முழங்கால் வலி?" என்றாள். நான் சிரித்தேன். அவளுக்குச் சட்டென்று ஏதோ புரிந்ததுபோல் முகம் மலர்ந்தது. நல்ல இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர்கள் கூச்சப்படக் கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்த பிறகு இருட்டில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும்.

பால்கனிப் படியில் விரிசல் அம்மா நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேள்விப்பட்டதுதான். ஏறுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அறுபது எழுபது பேர் ஏதோ தகராறு என்று பயந்து இறங்கிப்போய்விட்டார்கள். அப்புறம் காவலாளிகள் வந்து, யார் உத்தரவு என்று கேட்டு அவரை ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். உத்தரவைக் காட்ட அவரிடம் எண் இல்லை.

நான்கே முக்காலுக்கு என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இரும்பு பீரோவை இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பாட்டு நின்றது. எங்கள் வரிசையில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பது பேர் இறந்தார்கள். மின்னலும் அவர் மனைவியும் முதல் வரிசை நடு இருக்கைகளில் இருந்தார்கள். படியில் நின்ற விரிசல் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். எதிர் மேசை காலியாக இருந்தது, மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல் நெஞ்சன் அல்ல. கணினியைத் திறந்து, 'வளாகம்' என்று புதுப் பெட்டி திறந்து, அறிக்கையை ஏற்றேன். பட்டியலில் 'ஆபத்து' என்ற சொல்லையும் சேர்த்தேன், இனிமேல் யாருக்கும் அந்தத் தடை இருக்காது. எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிடம். ஐந்தாவது வரிசையில் ஒற்றையாகத்தான் நிற்கிறது. பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது, நினைத்த அளவுக்கு மோசமில்லை.

பதிவின் விவரத்தாளை நல்ல தாளில் அச்செடுத்து, கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு விரிசல் அம்மாவை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். உங்கள் பொருட்சொற்கள் இப்போது மிகச் சரியாக இருக்கின்றன, எண்ணும் கிடைத்துவிட்டது என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். தேதியை மட்டும் விரலால் தடவினார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி மாத்திரையின் மயக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

என் மனைவி இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். மகளும் அங்கேதான். அறிக்கை எந்தத் தேதியில் என் திரைக்கு வந்தது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்களே, அதைப் படித்த அன்றைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என் கையை ஒரு தடவை பார்த்தாள். கோபம் ஆறினால் வருவாள்.

இப்போது நீங்கள் மூன்றாம் தடவையாகக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கிற கணினிப் பதிவில் நான் அறிக்கையை எத்தனை முறை திறந்தேன் என்று இருக்கிறது. ஒன்பது முறை. திறந்ததும் படித்ததும் ஒன்றல்ல என்று என் வழக்கறிஞர் சொல்லச் சொன்னார். நான் அப்படிச் சொல்லமாட்டேன், அது பொய். முதல் நாளே இருபத்திரண்டு பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தேன். எந்தப் பதிவையும் படிக்காமல் நான் திருப்பியதில்லை. உடைந்த கண்ணாடிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தெளிவான வேலை.

என் மனைவிக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் குடியிருப்பது மூன்றாம் தளம், ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறாள். புதன்கிழமை காலை சீட்டைக் கையில் வாங்கி, பால்கனி என்று படித்த உடனே, யாரிடம் மாற்றலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். மின்னல் எதிரே உட்கார்ந்து தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு மாற்றிக்கொண்டேன். ஒன்று ஐம்பதுக்கு, படங்களுக்கு விளக்கம் இல்லை என்று திருப்பினேன். இரண்டு நேரமும் சரி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் வாக்குமூலத்தில் இருக்கட்டும் ஐயா. பராமரிப்பில் எண் வரட்டும் என்றார்கள், பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், துறைத் தலைவர் போட்டுத் தொலைங்க என்றார், காவலாளி யார் உத்தரவு என்று கேட்டார். அந்தப் பெண் எழுதியதில் ஒவ்வொரு சொல்லையும், வந்த முதல் நாளே, முழுசாக நம்பியவன் நான் ஒருவன்தான்.